பழைய நிஷிகியை ஒற்றை கியராக மாற்றலாமா? (70 டாலர் ரோடு சைக்கிள், டொராண்டோ)

நீலநிஷிகி | ஏப்ரல் 6, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை ஸ்கார்பரோவில் ஒரு வீட்டு கராஜ் விற்பனையில் பழைய ரோடு சைக்கிள் ஒன்று 70 டாலருக்குக் கிடைத்தது. நிஷிகி, நீல நிறம், வளைந்த ஹேண்டில்பார். முன்னால் இரண்டு பல்சக்கரம் (52 பல், 40 பல்), பின்னால் ஐந்து. ஃபிரேமில் துரு அதிகம் இல்லை. ஆனால் வண்டி எப்போதோ வலப்பக்கமாக விழுந்திருக்கிறது. பின் டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) உள்பக்கம் மடங்கி, பெரிய பல்லுக்கு மாற்றினால் செயின் ஸ்போக்ஸ் கம்பியில் போய் மாட்டுகிறது. கியர் நெம்புகோல் ஒன்று உடைந்துவிட்டது. ரிம் இரண்டும் குரோம் பூசிய இரும்பு.

கென்னடி ஸ்டேஷன் பக்கத்திலிருந்து டான்ஃபோர்த் வழியாக ப்ராட்வியூ வரை தினமும் வேலைக்குப் போகிறேன். பெரும்பாலும் சமதரை. போன குளிர்காலத்தில் என் மலிவு விலை மவுண்டன் பைக்கின் கியர், கேபிள் எல்லாம் ரோட்டு உப்பில் ஊறி மார்ச் மாதத்துக்குள் இறுகிப்போனது. அதனால் இந்த நிஷிகியை ஒரே கியர் வண்டியாக மாற்றிக்கொள்ள ஆசை. முடிந்தால் ஃபிக்ஸ்டு கியராகவே, அதாவது பெடல் நிற்காமல் சுழலும் வகையாக.

மதுரையில் சின்ன வயதில் சைக்கிள் கடையில் ஓவராயில் செய்வதை மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கையில் எடுத்துச் செய்தது பஞ்சர் ஒட்டுவதும் செயின் மாற்றுவதும் மட்டும்தான். மொத்தச் செலவு 200 டாலருக்குள் முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பழையபட்டறை | ஏப்ரல் 6, இரவு 11:15

தம்பி, நல்ல வண்டிதான் அகப்பட்டிருக்கிறது. எண்பதுகளின் தொடக்கம் வரை ஜப்பானில் செய்து இங்கே வந்த நிஷிகி, மியாட்டா, செக்கினே எல்லாம் மலிவு மாடலிலும் குழாய் இணைப்பும் திரெட்டும் ஒழுங்காக இருக்கும். செக்கினே கொஞ்ச காலம் மனிடோபாவில் ரிவர்ஸ் என்ற ஊரிலேயே தயாரானது. எழுபதுகளின் தொடக்கத்தில் வட அமெரிக்கா முழுவதும் பத்து கியர் சைக்கிளுக்கு ஒரு பெரும் அலை அடித்தது. 1973ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ஒன்றரைக் கோடி சைக்கிள் விற்றன. அந்த அலையில் வாங்கி, ஒரு கோடை ஓடிவிட்டு, கராஜில் தொங்கவிட்டவைதான் இன்று நமக்கு ஐம்பதுக்கும் நூறுக்கும் கிடைக்கின்றன.

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டே இரண்டு விஷயம் பார்.

ஒன்று, பின் அச்சு உட்காரும் வாய். டிராப்அவுட் என்பார்கள். அது கிடைமட்டமாக, முன்னால் திறந்தபடி ஒரு அங்குலம் நீளமாக இருக்கிறதா, இல்லை செங்குத்தாகக் கீழே திறந்திருக்கிறதா? டெரெய்லர் வண்டியில் செயினை இழுத்துப் பிடிப்பது டெரெய்லரின் ஸ்பிரிங். அதைக் கழற்றிவிட்டால் சக்கரத்தைப் பின்னால் நகர்த்தித்தான் செயினை இறுக்க முடியும். செங்குத்து வாயில் சக்கரம் நகராது. அந்தக் காலத்து ரோடு வண்டிகளில் பெரும்பாலும் கிடைமட்டம்தான். அதனால்தான் இந்த வேலைக்குப் பழைய வண்டியைத் தேடி வாங்குகிறோம்.

இரண்டு, அந்த இரண்டு வாய்க்கும் நடுவில் உள்ள அகலம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் அளந்து பார். பின்னால் ஐந்து பல்சக்கரம் இருந்த வண்டி என்றால் 120 மி.மீ. இருக்க வேண்டும். ஆறு, ஏழு பல்சக்கரம் வந்த பிறகு அது 126 ஆனது, பிறகு 130. ஃபிக்ஸ்டு கியருக்கு விற்கிற டிராக் ஹப் (ஹப் என்பது சக்கரத்தின் நடுப்பகுதி) 120தான். உன் ஃபிரேமை விரிக்கவோ நெருக்கவோ வேண்டி வராது.

இன்னொன்று, கழற்றுகிற டெரெய்லர் ஷிமானோவா என்று பார். அதன் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து குத்தியிருக்கும். முதல் எழுத்து வருடம்: 'ஏ' என்றால் 1976, 'பி' 1977, இப்படியே போகும். இரண்டாவது எழுத்து மாதம். வண்டியின் வயது ஏறத்தாழ தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காத காலத்தில் எங்கள் குடும்பமே சைக்கிளில்தான் ஓடியது. அப்பாவிடம் ஒரு பழைய றலி இருந்தது. ஒரே கியர்தான். முன்னால் ஒருவர், பின் கரியரில் அரிசி மூட்டை. அந்த வண்டியில் நாங்கள் மாற்றியது கொட்டர் பின்னும் (பெடல் தண்டை அச்சில் பிடிக்கும் ஆப்பு) டயரும்தான், வேறெதுவும் நினைவில்லை. குறைவான உறுப்புள்ள வண்டி எவ்வளவு உழைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அளந்துவிட்டு எழுது.

பனிப்பாதை | ஏப்ரல் 7, காலை 7:05

செலவைக் குறைக்க ஒரு வழி. பழைய பின் சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீலை (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழல விடும் பல்சக்கரம்) கழற்றிவிட்டு, அதே திரெட்டில் ஃபிக்ஸ்டு பல்சக்கரத்தை முறுக்கிவிடலாம். இரண்டுக்கும் ஒரே திரெட்தான், 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. திரெட்டுக்கான பசை கொஞ்சம் தடவி, செயினால் நன்றாக இறுக்கிவிட்டால் கழறாது என்று சொல்கிறார்கள். புதுச் சக்கரம் வாங்க வேண்டியதில்லை. 30 டாலரில் வேலை முடியும்.

கீழிறக்கம் | ஏப்ரல் 7, மதியம் 12:30

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் செய்து பார்த்து விழுந்தவன், அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

திரெட் ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் அது சாதாரண வலப்புரி. முன்னோக்கி மிதித்தால் பல்சக்கரம் இறுகும். ஃபிக்ஸ்டு வண்டியில் வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்து அழுத்துவோம் இல்லையா, அப்போது அதே திரெட் தளரும் பக்கம் சுழல முயலும். உண்மையான டிராக் ஹப்பில் பல்சக்கரத்துக்கு வெளியே கொஞ்சம் சின்ன விட்டத்தில் இன்னொரு திரெட் இருக்கும். அது இடப்புரி. அதில் லாக்ரிங் என்ற பூட்டு வளையம் ஏறும். பல்சக்கரம் கழற முயன்றால் லாக்ரிங்கையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கும். ஆனால் அந்தத் திசையில் லாக்ரிங் இறுகத்தான் செய்யும். ஒன்றை ஒன்று பூட்டிக்கொள்ளும். பழைய ஃப்ரீவீல் ஹப்பில் அந்த இரண்டாவது திரெட் கிடையாது. பசை தடவினாலும், பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் தண்டுகளின் அச்சு சுழலும் இடம்) லாக்ரிங்கை மேலே முறுக்கினாலும் (அதுவும் அதே திரெட் என்பதால் ஏறும், பலர் செய்கிறார்கள்) அது வலப்புரிதான். பூட்டு இல்லை.

நான் பசையும் தடவி, அந்த லாக்ரிங்கும் போட்டேன். ஆறு வாரம் நன்றாகவே ஓடியது. முன் பிரேக்கைக் கழற்றி வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. ஒரு நாள் மாலை பாட்டரி ரோடு இறக்கத்தில் டான் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கும்போது காலால் அழுத்தினேன். ஒரு 'டக்', அப்புறம் பெடலில் எதிர்ப்பே இல்லை. பின்னோக்கி வெறுமனே சுற்றியது. கீழே ரயில் பாதைக் கடவை வரும் முன்பே ஓரப் புல்லில் வண்டியைச் சாய்த்து விழுந்தேன். காரை எலும்பு முறிந்து எட்டு வாரம் கை தூக்க முடியவில்லை. அந்த நேரத்தில் எதிரே வண்டி வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆங்கிலத்தில் இப்படிச் செய்த ஹப்புக்குத் தற்கொலை ஹப் என்றே பெயர். பழைய ஹப்பையே பயன்படுத்த வேண்டுமானால் ஒற்றை ஃப்ரீவீல் போட்டு, இரண்டு பிரேக்கோடு ஓட்டுங்கள். அதில் எந்த ஆபத்தும் இல்லை. ஃபிக்ஸ்டுதான் வேண்டும் என்றால் டிராக் ஹப் உள்ள சக்கரம் வாங்குங்கள். வேறு வழி இல்லை.

பனிப்பாதை | ஏப்ரல் 7, மதியம் 1:10

இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது. நண்பர் ஒருவர் அப்படி ஓட்டுகிறார், அவரிடம் இன்றே சொல்கிறேன். என் யோசனையை விட்டுவிடுங்கள், நிஷிகி நண்பரே.

குரோம்மெருகு | ஏப்ரல் 7, இரவு 8:20

எனக்கு வேறு ஒரு வருத்தம். நாற்பது வருடம் தாண்டி வந்த வண்டியைப் பிரித்து, டெரெய்லரைக் குப்பையில் போட்டு, கேபிள் கொக்கிகளை கிரைண்டரால் அறுத்து, மேலே கறுப்பு ஸ்பிரே அடித்து வீணாக்கிய எத்தனையோ ஃபிரேம்களைப் பார்த்திருக்கிறேன். 2000களின் நடுவிலிருந்து பத்து வருடம் இது ஒரு வெறியாகவே இருந்தது. ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்தரக் குழாயில் செய்த நல்ல வண்டிகள்கூடத் தப்பவில்லை. டெரெய்லரை நேராக்கி, ஒரு நெம்புகோல் தேடிப் போட்டால் உங்கள் நிஷிகி பத்து கியரோடு நன்றாக ஓடும். ஏன் குறைக்க வேண்டும்?

பழையபட்டறை | ஏப்ரல் 7, இரவு 9:50

உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. 531 ஸ்டிக்கர் ஒட்டிய ஃபிரேம் என்றால் நானும் கை வைக்க விடமாட்டேன். ஆனால் இது சாதாரண இரும்புக் குழாய், ஆயிரக்கணக்கில் வந்த மாடல், அதுவும் விழுந்து டெரெய்லர் போன வண்டி. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவில் முழு வண்டியே இன்னொன்று வாங்கலாம். அது ஒரு பக்கம். உப்புத் தண்ணீரில் ஐந்து மாதம் ஓட வேண்டிய வண்டிக்கு டெரெய்லர் பொருத்தமில்லை என்பது என் முடிவு. இங்கிலாந்தில் கிளப் ஓட்டக்காரர்கள் பல தலைமுறையாகக் குளிர்காலத்துக்கென்று ஒரு ஃபிக்ஸ்டு வண்டி தனியாக வைத்திருந்தார்கள். அதற்கும் காரணம் இதுதான், சேறும் ஈரமும்.

தம்பிக்கு நான் வைக்கும் ஒரே நிபந்தனை: எதையும் அறுக்காதே, ராவாதே. கழற்றியதை எல்லாம் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு பெட்டியில் போட்டு வை. பின்னால் யாராவது பத்து கியராக்க நினைத்தால் அரை நாளில் முடிய வேண்டும்.

குரோம்மெருகு | ஏப்ரல் 7, இரவு 10:05

அறுக்காமல் செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மிஞ்சும் 52 பல்சக்கரம் வேண்டாம் என்றால் என்னிடம் தாருங்கள், எனக்கு ஒன்று தேவை.

நீலநிஷிகி | ஏப்ரல் 9, இரவு 8:45

அளந்துவிட்டேன் அண்ணா. சரியாக 120. வாய் கிடைமட்டம்தான். டெரெய்லரில் 'டி', 'எஃப்' என்று இருக்கிறது, அப்படியானால் 1979 ஜூன்! நான் பிறப்பதற்குப் பத்து வருடம் முந்தியது. டெரெய்லர் ஃபிரேமோடு சேர்ந்ததில்லை, ஒரு தகட்டுக் கொக்கியில் தனியாக மாட்டியிருந்தது. நட்டைத் தளர்த்தியதும் அப்படியே கழன்று வந்தது. எதையும் அறுக்க மாட்டேன், குரோம்மெருகு அண்ணா. 52 பல் உங்களுக்குத்தான்.

புதுச் சக்கரம் வாங்க முடிவு செய்துவிட்டேன். ஒரு பக்கம் ஃபிக்ஸ்டு, மறுபக்கம் ஃப்ரீவீல் திரெட் உள்ள ஃபிளிப் ஃபிளாப் ஹப் சரியாக இருக்குமா? பழைய சக்கரம் 27 அங்குலம், கடையில் இருப்பதெல்லாம் 700சி என்கிறார்கள்.

பழையபட்டறை | ஏப்ரல் 9, இரவு 10:30

ஃபிளிப் ஃபிளாப் மிகச் சரி. முதல் மாதம் ஃப்ரீவீல் பக்கம் ஓடு, வண்டி கைக்கு வரட்டும். அப்புறம் சக்கரத்தைத் திருப்பிப் போடு.

27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சியில் 622. ஆகவே ரிம் 4 மி.மீ. கீழே போகும். பிரேக் கட்டையை அதன் துளையில் 4 மி.மீ. இறக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார். அந்தக் காலத்து பிரேக்குக்குக் கை நீளம், பெரும்பாலும் எட்டும்.

செலவை நீ பின் சக்கரத்தில் தொடங்குகிறாய். நான் முன் சக்கரத்தைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்காது. பிடித்துக்கொண்டே இருப்பாய், வண்டி போய்க்கொண்டே இருக்கும். அலுமினிய ரிம் அப்படி இல்லை. நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பழைய அலுமினிய முன் சக்கரம் ஒன்று தன்னார்வலர்கள் நடத்தும் சைக்கிள் பட்டறைகளில் இருபது முப்பதுக்குக் கிடைக்கும். அங்கேயே பெண்டு எடுத்து, கோனில் பால்ரஸ் மாற்றி கிரீஸ் போட்டுக்கொள்ளலாம். அவர்களே பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள்.

இனி செயின் லைன். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். டெரெய்லர் வண்டியில் செயின் கொஞ்சம் சாய்ந்து ஓடினாலும் பரவாயில்லை. இதில் சாய்ந்தால் சத்தம் போடும், தேயும், தளர்ந்த நேரத்தில் கழன்றுவிடும். ஃபிக்ஸ்டில் ஓடும்போது செயின் கழன்றால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. டிராக் ஹப்பில் பல்லின் நடு, ஹப்பின் மையத்திலிருந்து சுமார் 42 மி.மீ. உன் கிராங்கில் (பெடல் தண்டு) உள்பக்கத்து 40 பல் ஏறத்தாழ அதே தூரத்தில் வரும். வெளிப்பக்கத்து 52ஐக் கழற்றிவிட்டு 40ஐ அங்கேயே விட்டுவிடு. ஒரே பல்சக்கரம் என்பதால் போல்ட் நீளமாகி இறுகாது. குட்டை போல்ட் ஐந்து வாங்கு.

செயினில் இரண்டு அகலம் உண்டு. கியர் வண்டிக்கு 3/32 அங்குலம், ஒற்றை கியருக்கு 1/8. உன் முன் பல் 3/32. அதன் மேல் 1/8 செயின் ஓடும். பின்னால் 1/8 பல் போட்டுவிட்டு 3/32 செயின் மாட்டினால் ஏறவே ஏறாது. 1/8 செயின் வாங்கிவிடு, எதற்கும் பொருந்தும்.

பெஜோக்காரன் | ஏப்ரல் 10, காலை 6:50

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் எழுபதுகளின் பெஜோ ஒன்று இருக்கிறது, பிரான்சில் செய்தது. எனக்கும் இதே முறைதானா?

பழையபட்டறை | ஏப்ரல் 10, காலை 7:20

கவனம். பிரெஞ்சு வண்டிக்குத் திரெட் வேறு. அதன் ஃப்ரீவீல் திரெட் 34.7 மி.மீ., ஆங்கிலேய அளவுக்கு மிக அருகில் இருப்பதால் முதல் இரண்டு சுற்று ஏறுவது போல இருக்கும். பலம் போட்டால் ஹப் பாழ். பாட்டம் பிராக்கெட்டும் அப்படித்தான், 35 மி.மீ., இரண்டு பக்கமும் வலப்புரி. ஆங்கிலேய அளவு வண்டிகளில் செயின் பக்கத்துக் கப் இடப்புரி. திசை தெரியாமல் ஆள் உயரப் பைப் மாட்டித் திருப்பியவர்களை எனக்குத் தெரியும். பின் சக்கரத்தை முழுதாக மாற்றினால் ஃப்ரீவீல் பிரச்சினை உனக்கு இல்லை. பாட்டம் பிராக்கெட் நன்றாகச் சுற்றினால் கிரீஸ் மட்டும் மாற்றிவிட்டு அதைத் தொடாதே. கொட்டர் பின் கிராங்க் என்றால், அடியில் தாங்கு கொடுக்காமல் சுத்தியலால் அடிக்காதே.

எண்கணக்கு | ஏப்ரல் 10, இரவு 9:00

40 பல்லோடு பின்னால் எத்தனை பல் என்று இன்னும் யாரும் பேசவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

700சியில் 28 மி.மீ. டயர் போட்டால் சக்கர விட்டம் சுமார் 26.7 அங்குலம். 40ஐ 16ஆல் வகுத்து அதால் பெருக்கினால் 67 கியர் அங்குலம் (எண் கூடக் கூட மிதிக்கக் கனம்). ஒரு முழு மிதிக்கு வண்டி 5.3 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 29 கிலோமீட்டர் அளவில் வரும். டான்ஃபோர்த்துக்கு இது நல்ல கியர். 52ஐயே வைத்திருந்தால் 87 அங்குலம் ஆகியிருக்கும். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று எழுந்து மிதித்து முழங்கால் போய்விடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் கனமான கியர்தான் வேகம் என்று நினைக்கிறார்கள். நானும் 48க்கு 16 போட்டு ஒரு கோடை முழுக்க முழங்கால் வலியோடு திரிந்தேன்.

ஃபிக்ஸ்டில் இதன் மறுபக்கமும் இருக்கிறது. இறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகம் வந்தால் இந்தக் கியரில் கால் நிமிடத்துக்கு 125 சுற்று சுற்ற வேண்டும். பழகாத காலுக்கு அது பயங்கரம். அந்த இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும்.

ஃப்ரீவீல் பக்கத்துக்கு 18 பல் போடுங்கள், 59 அங்குலம் வரும். எதிர்க்காற்று நாளுக்கும் பனிக்கும் ஏற்றது. ஒரு பல் கூடினால் அச்சு சுமார் 3 மி.மீ. முன்னால் நகரும். இரண்டு பல் வித்தியாசம் 6 மி.மீ. சொச்சம், உங்கள் டிராப்அவுட்டுக்குள் அடங்கும், செயினை வெட்ட வேண்டாம்.

காலால் பூட்டி வழுக்கி நிறுத்தும் பழக்கத்துக்கு மட்டும் 40க்கு 16 மோசம். சுருக்கினால் 5க்கு 2 ஆகிறது. ஒரே காலை முன்னால் வைத்து வழுக்கினால் டயரில் திரும்பத் திரும்ப இரண்டே இடம்தான் தேயும். 17 பல் என்றால் பதினேழு இடத்தில் பரவித் தேயும்.

மரத்தடம் | ஏப்ரல் 11, மாலை 6:15

வழுக்கி நிறுத்தவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நான் மில்டனில் உள்ள வெலோட்ரோமில் ஓட்டுகிறேன். 2015 பான் அமெரிக்கன் போட்டிக்காகக் கட்டியது, 250 மீட்டர் மரத் தடம், வளைவில் 42 டிகிரி சாய்வு. அங்கே எங்கள் வண்டிகளில் பிரேக் இருக்கக் கூடாது. எல்லாரும் ஒரே திசையில் சுற்றுகிறோம், குறுக்கே யாரும் வரமாட்டார்கள். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் மோதிவிடுவார் என்பதற்காக வந்த விதி அது. அந்தக் காரணம் எதுவும் டான்ஃபோர்த்தில் கிடையாது. அங்கே கார் கதவு திறக்கும், குழந்தை ஓடிவரும். தடத்து வண்டியைப் பார்த்து ரோட்டு வண்டியிலிருந்து பிரேக்கைக் கழற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது.

சட்டத்தையும் பாருங்கள். ஒண்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, காய்ந்த சமதரையில் பின் சக்கரத்தை வழுக்கச் செய்யும் அளவுக்குப் பின் பிரேக் இருக்க வேண்டும், மணி இருக்க வேண்டும், இருட்டினால் முன்னால் விளக்கும், பின்னால் சிவப்பு விளக்கோ ரிஃப்ளெக்டரோ வேண்டும். ஃப்ரீவீல் பக்கம் ஓட்டும்போது காலால் நிறுத்த வழியே இல்லை. ஃபிளிப் ஃபிளாப் வைத்திருக்கிறவர் இரண்டு பிரேக்கையும் அப்படியே விட்டுவிடுவதுதான் சரி.

தம்பி, ஃபிக்ஸ்டுக்கு மாறும் முன் இன்னும் சில. காலைப் பெடலோடு பிடித்து வைக்க டோ கிளிப்பும் ஸ்ட்ராப்பும் போடுங்கள். இறக்கத்தில் கால் நழுவினால் சுழலும் பெடலைத் திரும்பப் பிடிப்பது கடினம், கெண்டைக்காலில் அடிக்கும். வளைவில் உள்பக்கத்துப் பெடல் தரையில் தட்டும். இது தடத்து ஃபிரேம் இல்லை, பாட்டம் பிராக்கெட் தாழ்வாக இருக்கும், கிராங்க்கும் 170 மி.மீ. என்றுதான் நினைக்கிறேன். எனவே சாயாமல் மெதுவாகத் திரும்புங்கள். வலது கால்சட்டை நுனியைக் கட்டிக்கொள்ளுங்கள், ஷூ நாடாவை உள்ளே செருகுங்கள். மிக முக்கியமாக, சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது துணியால் செயினைத் துடைக்காதீர்கள். ஃப்ரீவீல் வண்டியில் விரல் மாட்டினால் செயின் நின்றுவிடும். ஃபிக்ஸ்டில் சக்கரத்தின் வேகம் விரலையும் பல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். விரல் நுனி இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

நீலநிஷிகி | ஏப்ரல் 11, இரவு 7:40

ரொம்ப நன்றி அக்கா. பிரேக் இரண்டும் இருக்கும், கழற்றவே மாட்டேன்.

நீலநிஷிகி | ஏப்ரல் 20, மாலை 4:30

ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். பழைய பின் சக்கரத்திலிருந்து ஃப்ரீவீலைக் கழற்றப் பார்த்தேன் (அந்த அச்சும் கோனும் இன்னொரு வண்டிக்கு ஆகும் என்று). உள்ளே இரண்டு வெட்டுதான் இருக்கிறது. டூலை வைத்துத் திருப்பினால் வழுக்கி, வெட்டின் ஓரம் மழுங்கத் தொடங்கிவிட்டது. ஸ்போக்ஸை அறுத்து ஹப்பை மட்டும் எடுத்துவிடலாமா?

பழையபட்டறை | ஏப்ரல் 20, மாலை 5:00

அறுத்துவிடாதே! ஸ்போக்ஸ் போனால் ஹப்பைப் பிடித்துத் திருப்ப உனக்கு ஒரு பிடியும் இருக்காது. சக்கரம்தான் உன் நெம்புகோல்.

டூலை வெட்டில் உட்கார வைத்து, அச்சு நட்டை மேலே போட்டுக் கையால் இறுக்கு. டூல் வெளியே எழும்பாமல் நட்டு பிடித்துக்கொள்ளும். டூலை வைஸில் கீழ்நோக்கிப் பூட்டி, சக்கரத்தை ஸ்டியரிங் போல இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் திருப்பு. நாற்பது வருடம் ஒருவர் மிதித்து இறுக்கியது, முதலில் அசையாது. முந்தின இரவே துருவுக்கான எண்ணெய் ஊற்றி வை. 'டக்' என்று விட்டதும் நிறுத்தி, நட்டைத் தளர்த்திவிட்டு மீதியைத் திருப்பு. இல்லாவிட்டால் நட்டிலேயே முட்டி டூல் உடையும்.

நீலநிஷிகி | ஏப்ரல் 21, இரவு 9:10

வந்துவிட்டது! பட்டறையில் இருந்த ஒரு பெரியவர் சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார், இருவரும் சேர்ந்து திருப்பினோம்.

நீலநிஷிகி | மே 18, இரவு 10:20

வண்டி முடிந்து நான்கு வாரம் ஆகிறது. விவரமாக எழுதுகிறேன்.

செலவு: வண்டி 70, பின் சக்கரம் 140, ஃபிக்ஸ்டு பல்லும் லாக்ரிங்கும் 40, ஃப்ரீவீல் 28, பட்டறையில் கிடைத்த அலுமினிய முன் சக்கரம் 25, டயர் டியூப் 80, செயின் 15, பிரேக் கட்டையும் கேபிளும் 32, குட்டை போல்ட் 12. கூட்டினால் 442 டாலர். நான் நினைத்த 200க்கு இரண்டு மடங்குக்கு மேல். இந்தப் பணத்துக்குப் புது ஒற்றை கியர் வண்டியே வாங்கியிருக்கலாம் என்று மனைவி சொன்னார், அது உண்மைதான். மலிவாக முடிக்க வேண்டும் என்பவர்கள் பழைய சக்கரத்திலேயே ஒற்றை ஃப்ரீவீல் போட்டு, அச்சில் ஸ்பேசரை இடம் மாற்றி ரிம்மை நடுவுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். பாதிச் செலவில் முடியும். ஆனால் பாட்டம் பிராக்கெட்டைப் பிரித்து, காய்ந்து மெழுகாகிப்போன கிரீஸைச் சுரண்டி எடுத்து, பக்கத்துக்குப் பதினொன்றாகப் புதுக் கால் அங்குலக் குண்டுகளை அடுக்கி மூடி, கிராங்கைச் சுற்றிவிட்டபோது அது சத்தமே இல்லாமல் சுற்றியது. மதுரைக் கடையில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த வேலையை என் கையால் செய்து முடித்த அந்த நிமிடத்துக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை.

பல்சக்கரத் திரெட்டில் கிரீஸ் தடவி இறுக்கி, ஃப்ரீவீல் பக்கம் மூன்று வாரம் ஓட்டிவிட்டு, போன வாரம் திருப்பிப் போட்டேன். முதல் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துப் பல்லை இன்னும் இறுக்கி, லாக்ரிங்கை மறுபடியும் முறுக்கினேன். கால் மடங்கு சுற்று போனது. கீழிறக்கம் அண்ணா சொன்னதைப் படித்திராவிட்டால் இதைச் செய்திருக்க மாட்டேன்.

முதல் நாள் சிக்னலில் பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்தப் பார்த்தேன், வண்டி என்னைத் தூக்கிவிட்டது. இரண்டாம் நாள் இரவு எட்டு மணிக்கு மூடிய கடை வாசல் ஒன்றில் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பழகினேன். இப்போது நான்காவது நாளாக வேலைக்குப் போகிறேன். ப்ராட்வியூவில் ஸ்ட்ரீட்கார் தண்டவாளத்தைக் குறுக்கே நேராகக் கடக்கும்போது மட்டும் இன்னும் பயம், ஏனென்றால் அந்த நேரத்திலும் கால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். செயின் ஒரு இடத்தில் சரியாக இருக்கிறது, அரைச் சுற்று மிதித்தால் தளர்கிறது, மறுபடி இறுகுகிறது. இறுகும் இடத்தில் 'கர்' என்று ஒரு சத்தம். சக்கரத்தை எங்கே வைத்து இறுக்குவது என்றே தெரியவில்லை.

மரத்தடம் | மே 18, இரவு 10:55

பல்சக்கரம் கிராங்கின் நடுவில் சரியாக உட்காரவில்லை. போல்ட் ஓட்டைகளில் கொஞ்சம் இடம் இருக்கும், அதற்குள் நகர்த்தலாம். ஐந்து போல்ட்டையும் விரலால் திருப்பும் அளவுக்குத் தளர்த்துங்கள். கிராங்கை மெதுவாகச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் நிறுத்தி, பல்சக்கரத்தின் மேல் மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டுங்கள். இன்னொரு சுற்று, மறுபடி இறுகும் இடம், மறுபடி தட்டல். மூன்று நான்கு முறையில் எல்லா இடமும் ஏறத்தாழ சமமாகும். அப்புறம் போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். கடைசியில் சக்கரத்தை நகர்த்தி, மிக இறுகும் இடத்தில்கூடச் செயின் நடுவில் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் அசையும்படி வையுங்கள். விரலைச் செயினிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டுதான் கிராங்கைச் சுற்ற வேண்டும்.

நீலநிஷிகி | மே 19, காலை 6:40

நேற்று இரவே செய்தேன் அக்கா. ஐந்து தட்டு. சத்தம் போய்விட்டது. இப்போது கிளம்புகிறேன்.

குரோம்மெருகு | மே 19, காலை 8:15

52 பல் நேற்று வந்து சேர்ந்தது, நன்றி. என் 1974 செக்கினேயில் மாட்டிவிட்டேன், பத்து கியரும் ஓடுகிறது.